சுகந்திக்கு நான் செய்வித்த பில்லியர்ட்ஸ் ஸ்டிக்

பரிசு கொடுப்பதில் எனக்கு ஒரு வியாதி உண்டு. யாருக்குக் கொடுக்கப் போகிறேனோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கேட்டுவிட்டால் அப்புறம் அது என்ன பரிசு என்று நினைக்கிற ரகம் நான். இந்த வியாதியால் என் தம்பிக்கு அவன் காலில் ஏறாத ஷூவும், என் மாமனாருக்கு அவர் உறையைக்கூடப் பிரிக்காத ஷேவிங் மெஷினும் (மனுஷன் அப்போது தாடி வளர்த்துக்கொண்டிருந்தார்) வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய குற்றங்கள். என் மனைவி சுகந்திக்கு நான் ஆள் பிடித்துச் செய்வித்துக் கொடுத்த பில்லியர்ட்ஸ் ஸ்டிக் அந்தக் கணக்கில் சேராது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என்னைத் தவிர வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள், என் பங்குக்கு நானும் சொல்ல வேண்டாமா?

சுகந்தி போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நான் வேறொரு துறையில் ஸ்டோர் கீப்பர். அவளுடைய அலுவலகத்து ஊழியர் மன்றத்தில், கேரம் போர்டு இருந்த இடத்தில், ஒருநாள் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை வந்து இறங்கியது. மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரியின் ஆசை அது. அவர் சீக்கிரமே மாற்றலாகித் திரும்பிப் போய்விட்டார். மேசைக்கு மாற்றல் கிடைக்கவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்த சுகந்தி, சும்மா ஒரு ஸ்டிக்கை எடுத்து ஒரு பந்தைத் தட்டியிருக்கிறாள். (படித்தவர்கள் அதை 'கியூ' என்பார்கள். எங்களுக்கு ஸ்டிக்தான்.) பந்து நேராகப் போய்க் குழியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அன்றிலிருந்து மதிய இடைவேளையில் அவளோடு ஆடப் பயந்து ஆண்கள் எல்லாரும் திடீரென்று ஃபைல் பார்க்க ஆரம்பித்தார்களாம்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, எங்கள் தீவுகளில் தெற்கே இருக்கும் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்தவர்கள். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் கேடு, மேலாகப் போனால் பால் வராது. அந்த அளவில் சின்ன வயதிலேயே பழகிய மணிக்கட்டு அவளுக்கு. நானோ தேங்காய் உடைத்தால் பாதி வாசலில் கிடக்கும், பாதி பக்கத்து வீட்டில் கிடக்கும்.

மன்றத்து ஸ்டிக்குகளில் நேரானது என்று ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் ஊர் ஈரக்காற்று எல்லாவற்றையும் வளைத்துவிட்டது. சுகந்தி ஆடும் ஸ்டிக் நுனியில் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கைப்பிடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். பொட்டு மேலே பார்த்தபடி பிடித்தால் பந்து அவள் சொன்ன இடத்துக்குப் போகும். வேறு யார் எடுத்து ஆடினாலும் அது அவர்களை மதிக்காது.

இப்படியிருக்கும்போது ஒரு சுற்றறிக்கை வந்தது. சென்னையில் அரசு ஊழியர்களுக்குப் போட்டி. தீவுகளின் சார்பில் பெண்கள் பிரிவில் பில்லியர்ட்ஸ் ஆட ஒருவரை அனுப்புவார்கள், விமானத்தில். சுகந்திக்குச் சென்னை புதிதல்ல. ஆனால் அதுவரை அவள் போனதெல்லாம் கப்பலில், வாந்தி எடுத்துக்கொண்டு, என் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. அங்கே அவளை எல்லாரும் "அந்தமான்காரன் பொண்டாட்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்குச் சுற்றறிக்கையின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினாள்.

"இதுல என் பேரைப் போட்டுத்தான் கூப்பிடுவாங்க," என்றாள். வேறு எதற்கும் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. (கல்யாணத்தன்று உட்பட.)

தேர்வுக்கான ஆட்டங்களில் அவள் கடைசிச் சுற்றுவரை போய்விட்டாள். எதிரே இருந்தது கணக்குப் பிரிவு ஷீபா. நல்ல பெண், நன்றாக ஆடுவாள், ஆனால் சுகந்தியை அதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அப்போதுதான் ஷீபாவின் அண்ணன் கொச்சியிலிருந்து அவளுக்கு ஒரு ஸ்டிக் அனுப்பினார். இரண்டாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி, தோல் உறையோடு. ஒருநாள் சுகந்தியைக் கூட்டிவரப் போனபோது நான் அதைப் பார்த்தேன். ஷீபா அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் பெண்டாட்டி, நகப்பூச்சுப் பொட்டு வைத்த கோணல் குச்சியோடு நின்றாள். எனக்கு மானம் போய்விட்டது. இத்தனைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான்.

"உனக்கும் ஒண்ணு வாங்கிரலாமா?" என்று வண்டியில் வரும்போது கேட்டேன்.

"வேணாங்க. இது எனக்குப் பழகிருச்சு."

அவள் சொன்னது தெளிவான தமிழ். நானும் தமிழன்தான். ஆனாலும் அது எனக்கு "இருந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா உங்களுக்கு எதுக்குச் செலவு" என்று விளங்கியது. அந்த நிமிடமே வியாதி உச்சிக்கு ஏறிவிட்டது.

கையால் ஸ்டிக் செய்து தருகிறவர்கள் யார் யார் என்று விசாரித்தேன். முதலில் கொல்கத்தாக்காரர் ஒருவர். அவர் தன் வேலையின் படங்களை அனுப்பினார். ஒவ்வொரு ஸ்டிக்கும் நகைக்கடை அலமாரியில் இருக்க வேண்டியது. விலையைக் கேட்டதும், நன்றி தாதா (வங்காளத்தில் அண்ணா) என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுத்தவர் சென்னையில், தமிழர். அவரோடு பேசியதை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

"யாருக்கு சார் ஸ்டிக்கு?" என்றார்.

"வீட்ல."

"மேடம் என்ன ஹைட்டு?"

"என் காது வரைக்கும் வருவாங்க."

"உங்க காது எங்க இருக்குன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? சரி விடுங்க. இப்ப எந்த ஸ்டிக்ல ஆடறாங்க? அதை எடை போட்டுச் சொல்லுங்க. நுனி எத்தனை எம்.எம்.? பின்கையை எங்க புடிக்கிறாங்க? அவங்க ஆடறதைக் கொஞ்சம் வீடியோ எடுத்து அனுப்புங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்."

"வீடியோவா? அந்தமான்லேர்ந்தா?"

கடலுக்கடியில் கேபிள் வராத காலம் அது. எங்கள் ஊரிலிருந்து ஒரு குட்மார்னிங் படம் மெயின்லேண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே குட்நைட் ஆகிவிடும். அதை அவரிடம் சொன்னேன்.

"பரவால்ல சார், மெதுவா வரட்டும். பட்ஜெட் கம்மின்னு சொன்னீங்கல்ல? பூ, படம், கல்லு எதுவும் இல்லாம, சாதா மரத்துல, நேரா ஒண்ணு செஞ்சு தரேன். பாக்க ஒண்ணும் இருக்காது. ஆனா கைக்கு உக்காரும். காசு குறையணும்னா அலங்காரத்துல குறைங்க சார், வேற எதுலயும் குறைக்காதீங்க."

"ஒண்ணுமே இல்லாம எப்படி சார்? பரிசுன்னா பாக்க பரிசு மாதிரி இருக்கணும்ல?"

"ஆடறவங்களுக்கா, பாக்கறவங்களுக்கா சார்?"

எனக்குச் சுருக்கென்றது. என்ன கொழுப்பு இந்த ஆளுக்கு என்று நினைத்தேன். தொழில் தெரிந்தவன் எதற்கு இத்தனை கேள்வி கேட்கிறான், கேள்வி கேட்டே விலையை ஏற்றப் பார்க்கிறான் என்று நானே ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டேன். அந்த வீடியோவை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற நொண்டிச்சாக்கும் கைவசம் இருந்தது.

அப்புறம்தான் பெரார்கஞ்ச் ஊர்த் தச்சர் பிமல் தா (தாதாவின் சுருக்கம்தான் 'தா') ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் கட்டிலைச் செய்தவர். அந்தமானில் படாக் மரத்தைப் பற்றி ஒரு கர்வம் எல்லாருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ரத்தச் சிவப்பு, இரும்பு மாதிரி உறுதி, கரையான் கிட்டே வராது. மெயின்லேண்டில் ராஜாக்கள் வீட்டுக் கதவுக்குப் போன மரம் இங்கே நம் கொல்லையில் துண்டு துண்டாகக் கிடக்க, கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் எதற்குக் கையேந்த வேண்டும்? பிமல் தாவின் பட்டறையில் கட்டில் செய்து மிஞ்சிய நீளமான துண்டு ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் கூடி வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"தாதா, பில்லியர்ட்ஸ் கா ஸ்டிக் பன் ஜாயேகா?" என்றேன்.

"ஹோ ஜாயேகா."

ஆகிவிடும் என்று பொருள். எங்கள் தீவுகள் ஓடுவதே இந்த இரண்டு வார்த்தையில்தான். கப்பல் டிக்கெட் கிடைக்குமா? ஹோ ஜாயேகா. கூரை ஒழுகுவது நிற்குமா? ஹோ ஜாயேகா. பிமல் தா உயரம் கேட்கவில்லை, எடை கேட்கவில்லை, வீடியோ கேட்கவில்லை. எவ்வளவு நீளம் என்பதற்கு நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன், அவர் தலையாட்டினார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"டிசைன் க்யா டாலூம்?"

என்ன டிசைன் போடட்டும் என்று. இவரல்லவா கலைஞர் என்று பூரித்துப் போனேன். செம்பருத்திப் பூ போடுங்கள் என்றேன். அவர் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடற்பசு பொம்மை செதுக்கி விற்பவர். பூவுக்கு நடுவே ஒரு கடற்பசுவும் போடுகிறேன், அதற்குத் தனியாகக் காசு வேண்டாம், அந்தமான் கா நிஷான் ஹை, நம் அந்தமானின் அடையாளம், என்றார். இலவசம் என்றதும் நான் மறுக்கவில்லை. அந்தக் கடற்பசு எந்த இடத்தில் வரும் என்று கேட்டிருக்கலாம்.

பிமல் தாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கட்டில் கால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது ஸ்டிக். பருத்து, கனத்து, அடியில் குமிழ் வைத்து, பளபளவென்று. நுனி மெல்லிதாக இருக்க வேண்டாமா என்றதற்கு, மெல்லிதாக இருந்தால் உடைந்துவிடும் என்று அக்கறையாகச் சொன்னார். மன்றத்துக் காவலாளியிடம் நான் கேட்டு வாங்கிப் போயிருந்த, பந்தில் படுகிற தோல் நுனியை ஆணி அடித்துப் பொருத்தப் போனார். பசை போட்டு ஒட்டுங்கள் என்று தடுத்தேன். அந்த முழு விவகாரத்திலும் என் மூளை வேலை செய்தது அந்த ஓர் இடத்தில்தான். கடைசியில் கட்டிலுக்கு அடிக்கிற அதே வார்னிஷை மூன்று கை அடித்துக் கொடுத்தார்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை, புடவைத் துணியில் சுற்றி அதை சுகந்தியிடம் கொடுத்தேன். எங்கள் மகள் யாழினி அப்போது ஒன்றாம் வகுப்பு. "அம்மாவுக்கு உலக்கை!" என்று குதித்தாள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

சுகந்தி துணியைப் பிரித்தாள். இரண்டு கையாலும் தூக்கினாள். கடற்பசுவை விரலால் தடவினாள். பாவம், அது உருளைக்கிழங்குக்கு வால் வைத்த மாதிரி இருந்தது.

"நல்லாருக்குங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கெட்டியா இருக்கு," என்றாள்.

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொன்னேன். மறுநாள் அரைநாள் லீவு போட்டு, யாழினியைக் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு (ஆம், ஆட்டம் தொடங்கும் முன்பே) மன்றத்துக்குப் போனேன். முன்வரிசையில், மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அங்கே உட்காருங்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புழுக்கம். மழைக்கால ஈரத்தில் அந்த வார்னிஷ் என்ன செய்யும் என்று எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்தவன் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதுகில் ஒட்டும். ஸ்டிக் சுகந்தியின் விரல்களில் ஒட்டியது. முன்னால் தள்ளினால் போகவில்லை, பலமாகத் தள்ளினால் எகிறியது. யாழினியின் பள்ளிப் பையிலிருந்து பவுடர் டப்பாவை வாங்கிக் கையில் கொட்டிக்கொண்டாள். பச்சைத் துணியெல்லாம் பவுடர். நடுவர் எச்சரித்தார். பின்கை பிடிக்க வேண்டிய இடத்தில் சரியாகக் கடற்பசு உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே பிடித்தால் கனம் பின்னால் இழுத்தது, கீழே பிடித்தால் அவள் கை எட்டவில்லை. என் மூக்கு அளவுக்குச் செய்த ஸ்டிக் அல்லவா? மூன்றில் முதல் ஆட்டம் போய்விட்டது.

இரண்டாவது ஆட்டத்தைச் சுகந்திதான் தொடங்கினாள். முதல் அடிக்குப் பலமெல்லாம் திரட்டித் தள்ளினாள். அந்தக் கட்டில் கால் பட்ட வேகத்தில் வெள்ளைப் பந்து மேசையை விட்டே எழும்பி வந்து என் மடியிலிருந்த லட்டுப் பெட்டிக்குள் விழுந்தது. கூடமே சிரித்தது. யாழினி கைதட்டினாள். நான் பூந்தி ஒட்டிய பந்தை வேட்டியில் துடைத்து நடுவரிடம் கொடுத்தேன், எல்லாருக்கும் ஒரு கும்பிடும் போட்டேன். (சபையில் நான் இருந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்க்க வேண்டும் எனக்கு.)

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சுகந்தி திரும்பி, சுவரில் இருந்த ஸ்டாண்டைப் பார்த்தாள். நகப்பூச்சுப் பொட்டு வைத்த அவளுடைய பழைய ஸ்டிக் அங்கே இருந்தது, எட்டினால் கைக்குக் கிடைக்கும் தூரத்தில். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்தி, "பயப்படாதே சுகந்தி, நம்ம படாக்கு இருக்கு!" என்று கத்தினேன். அவள் சிரித்த மாதிரி தலையசைத்துவிட்டு, அந்தச் சிவப்பு உலக்கையோடு மேசைப் பக்கம் திரும்பினாள்.

தோற்றுப்போனாள்.

ஷீபா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஜெயித்தவள் முகத்தில்கூட ஜெயித்த களை இல்லை. "சேச்சி, ஆப்கா புரானாவாலா ஸ்டிக் க்யூன் நஹீ லியா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஏன் உங்கள் பழைய ஸ்டிக்கை எடுக்கவில்லை என்று.

"உஸ்கா டிப் நிகல் கயா," என்றாள் சுகந்தி.

நுனித் தோல் கழன்றுவிட்டதா? நான் போய் அந்தப் பழைய ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். நுனி கல்லு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஆட்கள் என் லட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

மழை விட்ட பிறகு சிப்பிகாட்டிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். நடுவில் யாழினி தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

"நுனி நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் அதை எடுக்கல?"

பின்னால் அவள் யாழினியின் சாய்ந்த தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கத்தான் பாத்தேன். நீங்க முன்வரிசையில உக்காந்திருந்தீங்க," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஷீபா சென்னைக்குப் போனாள். இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டு, சுகந்திக்கு ஒரு புடவை வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் சுகந்திக்கு வேறொரு தீவிலுள்ள ரங்கத்துக்கு மாற்றல் வந்தது. ரங்கத்தில் சந்தை இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு இருக்கிறது, வாழைத்தார் மலிவு. பில்லியர்ட்ஸ் மேசை மட்டும் கிடையாது. அவள் திரும்பி வந்தபோது மன்றத்து மேசையின் துணி பூஞ்சை பிடித்து, அதைக் கழித்துக்கட்டிவிட்டு அங்கே எடை பார்க்கிற இயந்திரமும் ஓடுகிற இயந்திரமும் வைத்திருந்தார்கள். அதன் பிறகு அவள் ஸ்டிக்கைத் தொடவில்லை. ஆட ஆசையில்லையா என்று கேட்டால், "அது ஒரு காலங்க," என்பாள். அவளுக்கு வயது அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. காலத்தை முடித்து வைத்தது நான்தான்.

பிமல் தாவின் ஸ்டிக் இன்னும் இருக்கிறது. மயிரிழைகூட வளையவில்லை. கொசுவலை கட்ட அதைப் போல ஒன்று கடையில் கிடைக்காது.

என் மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். அம்மாவிடமிருந்து அந்த வாக்கியத்தை எப்போது பிடுங்கிக்கொண்டாளோ தெரியாது, வீட்டில் நான் எதைச் செய்தாலும் அதை எடுத்து வீசுகிறாள். தீபாவளிக்கு நான் எடுத்துவந்த மஞ்சள் சுடிதாரைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைச் சுளித்தபோது, ஏன் போட்டாய் என்று தோழி கேட்டாளாம். "அப்பா முன்வரிசையில உக்காந்திருக்காரு," என்றாளாம். என் தம்பிவரை இது பரவிவிட்டது. கல்யாண வீடுகளில் நான் யாருக்காவது மொய்க்குப் பதில் பொருள் கொடுத்தால், பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே எச்சரித்து வைக்கிறான்.

எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பிறகு எனக்கு ஒரு தண்டனை நிரந்தரமாகிவிட்டது. சுகந்தி எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அவளுக்குப் பிடித்துச் சொல்கிறாளா, எனக்காகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே மீன் குழம்பு வைத்தேன். சுகந்தி சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள்.

"நல்லாருக்கா? இந்தவாட்டியாவது உண்மையைச் சொல்லு," என்றேன்.

யாழினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தட்டைப் பார்த்தாள்.

"நீங்க எந்திரிச்சு வெளிய போங்க," என்றாள் சுகந்தி. "அப்புறம் சொல்றேன்."

எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். உள்ளே அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதில் மட்டும் இன்னும் வரவில்லை.